ஊர்த் தாம்பாளத்தில் போன வெற்றிலை

நாடே இல்லாதவர்களுக்கு வெளியுறவுக் கொள்கை எதற்கு என்று என்னிடம் முதலில் கேட்டவர் என் பேராசிரியை. இரண்டாவதாகக் கேட்டது எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்து. பேராசிரியையின் முன்னால் நான் பேந்தப் பேந்த விழித்தேன். பஞ்சாயத்தின் முன்னால் விழிக்கவில்லை. அன்றைக்குப் பேசியதை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வருகிறது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு அதில் வெட்கம் இல்லை.

வருஷம் 1974. சாந்தோமுக்கும் அடையாற்று முகத்துவாரத்துக்கும் நடுவில் இருந்தது எங்கள் குப்பம். நைனா கட்டுமரத்தில் போவார். அம்மா அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மந்தைவெளித் தெருக்களில் மீன் விற்பாள். குப்பத்திலிருந்து எம்.ஏ. வரைக்கும் போன முதல் ஆள் நான்தான். காலேஜில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கை லேசாகச் சுளிக்கிறாளா என்று முதல் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் வருஷம் அந்தக் கவலையை விட்டுவிட்டேன். சுளித்தால் சுளிக்கட்டும், மார்க் எனக்குத்தான் அதிகம்.

வயசுக்கு வந்த பெண் தினமும் பஸ் ஏறிப் போய்ப் படிப்பது எங்கள் ஊருக்குப் புதிது. பி.ஏ. முடிந்து எம்.ஏ. சேர்ந்தபோது பஞ்சாயத்தில் பேச்சு எழுந்தது. நைனா எழுந்து நின்று வாக்குக் கொடுத்தார். "எம் பொண்ணால ஊருக்கு ஒரு கொறையும் வராது. வந்துச்சின்னா அன்னிக்கே படிப்ப நிறுத்திடறேன்." அவர் கொடுத்த வாக்கை மாற்றி நான் பார்த்ததில்லை. அதனால் என் படிப்பு என்னுடைய மார்க்கில் நிற்கவில்லை, நைனாவின் வாக்கில் நின்றது. எனக்கு அது தெரியும். தெரிந்தும்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எம்.ஏ. இரண்டாம் வருஷத்தில் ஆளுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். மற்ற பெண்கள் பஞ்ச சீலம், அணிசேராமை என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் வெளியுறவுக் கொள்கையும் அதன் வரலாறும் என்று கொடுத்தேன். ஏன் என்று கேட்டால் இப்போது நாலு காரணம் சொல்ல முடியும். அப்போது இருந்தது ஒரே காரணம்தான். எங்கள் குப்பத்துக்கு மாதம் ஒருமுறை டேப்பும் கையுமாக ஆட்கள் வந்து மணலை அளந்துவிட்டு, பட்டா எங்கே என்று கேட்பார்கள். அதே மாதங்களில் பேப்பரில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஒரு பிடி மண் கையில் இல்லாதவர்கள் ஊர் ஊராகத் தங்கள் ஆளை அனுப்பி, ராஜாக்களோடும் ஜனாதிபதிகளோடும் சரிக்குச் சரி உட்கார்ந்து பேசுகிறார்கள். இது எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

பேராசிரியை மயிலாப்பூர்க்காரர், நல்லவர், ஆனால் புத்தகத்தில் இல்லாததை நம்பமாட்டார். "இதோ பாரும்மா, வெளியுறவுக் கொள்கைன்னா அதுக்குப் பின்னாடி ஒரு தேசம் வேணும். எல்லை, கஜானா, சர்க்கார்னு ஏதாவது இருக்கணும். இவாகிட்ட ஒண்ணும் இல்லை. நீ பாட்டுக்கு எழுதிண்டு போயிடுவே. வெளியிலேர்ந்து வர எக்ஸாமினர் கேட்டா என்ன சொல்லப் போறே?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கிறிஸ்மஸ் லீவுக்கு முன்னாடி முதல் அத்தியாயம் கொண்டு வா. எனக்குச் சமாதானம் ஆகலைன்னா தலைப்பை மாத்திடு" என்றார்.

நூலகத்தில் தேடினேன். ராஜதந்திரத்தைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் இருந்தன. எல்லாமே நாடு உள்ளவர்கள் நாடு உள்ளவர்களுக்காக எழுதியவை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். அம்மா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"இன்னா ஊரு சொன்னே? பாலஸ்தீனமா? அந்த ஊரு பையன் ஒருத்தன் என்னான்ட மீன் வாங்கறாண்டி. மந்தைவெளியில மாடி ரூமு. மருந்துக்குப் படிக்கறான். வஞ்சிரம் இன்னா வெலைன்னு கூட கேக்க மாட்டான், குடுத்ததை வாங்கிக்கினு பூடுவான். நான்தான் பேரம் பேசவே கத்துக் குடுத்தேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. டெல்லிக்கும் பம்பாய்க்கும் கடிதம் எழுதிப் பதில் வராமல் உட்கார்ந்திருக்கிறேன், அந்த நாட்டுக்காரனுக்கு என் அம்மா வாரம் இரண்டு நாள் மீன் விற்றுக்கொண்டிருக்கிறாள். வருகிற சனிக்கிழமை மத்தியானம் வியாபாரம் முடிந்ததும் அந்த வீட்டு வாசலில் நிற்பதாகச் சொன்னாள். "வேற ஊரு ஆளாண்ட விஷயம் கேக்கப் போறே. வெறுங்கையோட வராத" என்றும் சொன்னாள்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். கரையோரக் குப்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஊர் இன்னோர் ஊரைத் திருவிழாவுக்கு அழைப்பதானாலும், கடலில் வலை சிக்கிச் சண்டை வந்து பிறகு சமாதானம் பேசுவதானாலும், வெற்றிலை பாக்கு அனுப்ப வேண்டும். அதை எந்தத் தட்டிலும் வைத்து அனுப்ப முடியாது. அதற்கென்று ஊருக்குச் சொந்தமாக ஒரு பித்தளைத் தாம்பாளம் இருக்கும். எங்கள் ஊர்த் தாம்பாளத்தின் நடுவில் சிலுவையும் நங்கூரமும் பொறித்திருக்கும். பஞ்சாயத்தார் வீடுகளில் முறை வைத்துப் பாதுகாப்பார்கள். அந்த மாதம் எங்கள் வீட்டு முறை.

வீட்டிலிருந்த அலுமினியத் தட்டு ஒவ்வொன்றையும் எடுத்து மோந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் மீன் வாசனை. மருந்து படிக்கிற வெளிநாட்டு மாணவன் முன்னால் இதை எப்படி நீட்டுவது என்று ஒரு கௌரவம் வந்துவிட்டது. டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த ஊர்த் தாம்பாளத்தை எடுத்தேன். புளி போட்டுத் துலக்கினேன். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் வைத்து மேலே இலையைப் போட்டு மூடிக்கொண்டு நடந்தேன். இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுவோம், யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு.

அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவனாக இருந்திருப்பான். ஒல்லி, கண்ணாடி, வெயிலில் கன்றிப்போன மூக்கு. தட்டை நீட்டியதும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். இலையை விலக்கினான். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. "அடிப்பாவி, எந்தத் தட்டுல எடுத்தாந்து வெச்சிகினு கீறே" என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். கொடுத்ததைப் பிடுங்க முடியுமா? இருவரும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்தோம்.

அவன் ஆங்கிலத்திலும், அம்மாவிடம் கற்ற தமிழிலும் கலந்து பேசினான். பிறந்தது லெபனானில் ஓர் அகதி முகாமில். அவன் அப்பாவின் கிராமம் இடிக்கப்பட்டுவிட்டது, வரைபடத்திலும் அந்தப் பெயர் இல்லை. கையில் பாஸ்போர்ட் கிடையாது, அகதி என்று எழுதிய காகிதம்தான். எந்த ஆபீசுக்குப் போனாலும் படிவத்தில் நாடு என்ற கட்டத்துக்கு வந்ததும் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிடுவார் என்றான். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்தான். அவற்றிலிருந்தும் அவன் பேச்சிலிருந்தும் எனக்குப் புரிந்த வரலாறு இதுதான். அறுபதுகளின் நடுவில் அரபு அரசாங்கங்களே கூடி அவர்களுக்கு ஓர் அமைப்பை ஏற்படுத்திக் கொடுத்தன. காசும் அவர்களுடையது, பேச்சும் அவர்களுடையது. அறுபத்தேழு யுத்தத்தில் அந்த அரசாங்கங்களே தோற்று நின்றதும், இனி யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள் அமைப்பைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். எந்த அரபு நாட்டின் உள்விவகாரத்திலும் தலையிடுவதில்லை, நம் முடிவை நாமே எடுப்பது என்பது கொள்கை. சொல்வது சுலபம். அடுத்தவன் வீட்டில் துப்பாக்கியோடு குடியிருந்துகொண்டு அவன் விவகாரத்தில் தலையிடாமல் எப்படி இருப்பது? ஜோர்டானில் ராஜாவின் ராணுவத்தோடு மோதி, அடிபட்டு, லெபனானுக்குப் போனார்கள். அல்ஜீரியாக்காரர்களிடமிருந்து ஒரு பாடம் கற்றார்கள். சண்டை நடக்கிற இடத்தில் ஜெயித்தால் மட்டும் போதாது, தூர தேசத்துத் தலைநகரங்களில் பேசியும் ஜெயிக்க வேண்டும். பீகிங்குக்கும் ஹனோய்க்கும் மாஸ்கோவுக்கும் ஆள் போனது. அதே காலத்தில் சில குழுக்கள் விமானங்களைக் கடத்தின. அப்பாவி ஜனங்கள் செத்தார்கள். அது பற்றி அவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நவம்பருக்குச் சற்று முன்னால்தான் அரபு நாடுகள் எல்லாம் கூடி, பாலஸ்தீனர்களுக்காகப் பேசும் உரிமை இந்த இயக்கத்துக்கு மட்டுமே உண்டு என்று ஒப்புக்கொண்டிருந்தன.

கிளம்பும்போது தாம்பாளத்தைக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டு, "எங்க ஊருல வந்த தட்ட காலியா குடுக்க மாட்டாங்கம்மா. நானே கொண்ணாந்து குடுக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். என்ன செய்வது? எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான்.

பத்து நாள் தாம்பாளத்தைக் கேட்டு யாரும் வந்துவிடக் கூடாதே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினோராம் நாள் காலை, கட்டுமரங்கள் கரையேறி, ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். ஊரே மணலில் நிற்கிறது. அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு, இரண்டு கையிலும் ஊர்த் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வந்தான். அதில் லெபனானிலிருந்து அவன் வீட்டார் அனுப்பிய ஆலிவ் காய்களும் பேரீச்சம்பழமும் நிறைந்திருந்தன. எங்கள் வீடு எது என்று ஏலம் போட்டுக்கொண்டிருந்தவரிடமே கேட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலுக்குப் பக்கத்து மணலில் பஞ்சாயத்துக் கூடியது. கல்யாணமாகி ஊருக்கு வரி கொடுக்கும் ஆண்கள் வட்டமாக உட்காருவார்கள். மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். பெண்கள் அதற்கும் வெளியே. நைனாவை வட்டத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். காற்றிலும் மழையிலும் கடலில் நிற்கிற மனுஷன் அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

ஊர்த் தலைவருக்கு அறுபது வயதிருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். "ஊர்த் தாம்பாளத்துல வெத்தல போனா அது ஊரு அனுப்புனது. எந்த ஊருக்குப் போச்சி, யாரக் கேட்டு போச்சின்னு எங்களுக்குத் தெரியல. பொண்ணு படிப்பால கொறை வராதுன்னு வாக்கு குடுத்தே. இப்ப இன்னா சொல்றே?"

நைனா வாயைத் திறப்பதற்குள், "நான் சொல்றேன் மாமா" என்று நான் குரல் கொடுத்தேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெண்களைத் தாண்டி வட்டத்தின் விளிம்புக்கு வந்து நின்றேன். நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். தலைவர் கையமர்த்தினார். "வெளியவே நின்னு சொல்லு" என்றார்.

"தப்பு என்னுது மாமா. நைனாவுக்குத் தெரியாது. தட்டு நல்லா இருக்கணும்னு எடுத்துக்கினு போனேன். ஆனா அந்த வெத்தல போன எடம் தப்பான எடம் இல்ல."

"எந்த ஊரு அது?"

"பாலஸ்தீனம்."

"எந்தக் குப்பத்துப் பக்கம் கீது?" என்று ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பெத்லகேமு அங்கதான் கீதுய்யா. சாமி பொறந்த எடம்."

சிரிப்பு நின்றுவிட்டது. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்றே நான் நினைத்தேன். தலைவர் அசையவில்லை. "சாமி பொறந்த எடம்னா கும்பிடலாம். ஊருன்னு ஏத்துக்கறதுக்கு அது பத்தாது. அவங்க நம்ம வேதமா, துலுக்கரா?"

"ரெண்டு பேரும் கீறாங்க மாமா."

"மண்ணு யாராண்ட கீது?"

"அவங்களாண்ட இல்ல."

"மண்ணே இல்லாதவனுக்கு ஊருன்னு இன்னா பேரு? அவன் எதுக்கு இன்னொரு ஊருக்கு ஆள் அனுப்பறான், இன்னொரு ஊரு வெத்தலைய எதுக்கு வாங்கறான்?"

பேராசிரியை கேட்ட அதே கேள்வி. காலேஜில் எனக்கு ஓடாத மூளை அந்த மணலில் ஓடியது. எங்கே நின்றுகொண்டு பேசுகிறேன் என்று காலுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"மாமா, நாம உக்காந்துகினு கீற இந்த மண்ணுக்கு நம்மளாண்ட பட்டா கீதா?"

பதிலையும் நானே சொன்னேன்.

"இல்ல. மாசா மாசம் அளந்துகினு போறாங்க. அப்ப நாம எப்படி ஊரு ஆனோம்? நான் பொறக்கறதுக்கு முன்னால வடக்கு குப்பத்துல சண்ட போட்டுக்கினு நம்ம ஆளுங்க இங்க வந்து குடிசை போட்டாங்க. ஓடி வந்தவங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. எந்தக் குப்பமும் நம்ம கூட பேசல. மொதல்ல நம்மள ஊருன்னு சொன்னது யாரு?"

வட்டத்தில் ஒரு கிழவர் மெதுவாகச் சொன்னார். "தெக்கு குப்பம். திருவிழாவுக்கு வெத்தல அனுப்புனாங்க."

"அத்த பாத்துட்டு மத்த குப்பமும் அனுப்புச்சி. பட்டா வந்து நாம ஊரு ஆவல. வெத்தல வந்துதான் ஊரு ஆனோம். அவங்களும் அதத்தான் பண்றாங்க. மொதல்ல பெரிய ஊருக்காரங்க இவங்களுக்கு ஒரு ஆள வெச்சி, நான் சொல்றத நீ பேசுன்னாங்க. அப்பறம் இவங்களே பேச ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு ஊரா போய் எங்கள ஊருன்னு சொல்லுங்கன்னு கேட்டாங்க. மண்ணு கீறவனுக்கு அடுத்த ஊரு சிநேகிதம் இருந்தாலும் ஒண்ணு, இல்லாங்காட்டியும் ஒண்ணு. மண்ணு இல்லாதவனுக்கு அது ஒண்ணுதான் கீது. அதனாலதான் அவங்க அத்த மொதல்ல பண்றாங்க."

தலைவர் விடவில்லை. "பிளேனு கடத்துனாங்கன்னு பேப்பர்ல வந்துதே. அது?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. "கடத்துனாங்க மாமா. அதுல சம்பந்தமில்லாதவங்க செத்தாங்க. தப்புதான். அவங்களுக்குள்ளயே அது வேணாம்னு சொன்னவங்க கீறாங்க. நாமளும் வடக்கு குப்பத்து ஆள துடுப்பால மண்டைய ஒடச்சோம். அப்பறம்தான் வெத்தல அனுப்புனோம். ஒடச்சது சரின்னு நான் சொல்லல."

"இப்ப ஒலகத்து ஊருங்க எல்லாம் கூடற சபையில அவங்கள சேத்துக்கினாங்கன்னு ரேடியோவுல சொன்னான். ஓட்டு கீதா அவங்களுக்கு?"

அது நடந்து சில நாள்தான் ஆகியிருந்தது. "இல்ல மாமா. வரலாம், பேசலாம். ஓட்டு இல்ல."

"அப்ப இப்ப நீ நிக்கறியே, அந்த மாதிரி."

"ஆமா மாமா. நான் நிக்கற மாதிரி."

முதலில் சிரித்தது பெண்கள்தான். பிறகு வட்டத்திலும் சிரிப்பு பரவியது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வேட்டியிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு நைனா பக்கம் திரும்பினார்.

"நாம தனியா முடிவு பண்ற விஷயம் இல்ல இது. திருவிழாவுக்கு வர ஊருங்க பேர்ல ஒரு பேர சேக்கணும்னா மத்த ஊருங்களையும் கேக்கணும். நான் போய்க் கேக்கறேன். அடுத்த ஞாயித்துக்கெழம தேர் கெளம்பறதுக்கு முன்னால ஊருங்க பேர கூப்புடுவோம்ல? அதுல அந்தப் பேரும் வந்துச்சின்னா வெத்தல ஊரு குடுத்தது. உன் வாக்குக்கு ஒண்ணும் ஆவல. வரலன்னா உம் பொண்ணு ஊர்த் தட்ட திருடிக்கினு போச்சின்னு அர்த்தம். அதோட காலேஜு முடிஞ்சிது. அதுவரைக்கும் போவ வேணாம்."

நைனா தலையசைத்தார்.

அந்த வாரம் முழுக்க நான் வீட்டில் உட்கார்ந்து தலைவரைக் கவனித்தேன். அவர் நடையைப் பார்த்துக் கற்றதை எந்தப் புத்தகத்திலும் நான் பிறகு படிக்கவில்லை. முதல் நாளே பெரிய குப்பத்துக்குப் போகவில்லை. எங்களுக்கு முதலில் வெற்றிலை அனுப்பிய தெற்குக் குப்பத்துக்குப் போனார். அவர்கள் சரி என்ற பிறகு, அவர்கள் ஆளையும் கூட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு. கடைசியாகத்தான் வடக்குக் குப்பம். அங்கிருந்து திரும்பும்போது அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. அம்மா வழியில் போகிறவளைப் போல நாலு தரம் அவர் வீட்டுப் பக்கம் நடந்து பார்த்தாள், பிரயோஜனமில்லை. மந்தைவெளிப் பையனிடம் விவரம் எதுவும் சொல்லாமல், "திருவிழா, சாப்பிட வாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

டிசம்பர் மாத ஞாயிறு. காலைப் பூசை முடிந்தது. மாதாவை வைத்த தேர் பூவும் கலர்த்தாளுமாகக் கோயில் வாசலில் நின்றது. தலைவர் மைக்கைப் பிடித்தார். ஒவ்வொரு குப்பத்தின் பெயரையும் கூப்பிட, அந்தந்த ஊர்ப் பெரியவர் வந்து நின்றார். தலைவர் அவர் தோளில் ஒரு துண்டைப் போட்டு, "ஊரு நல்லா கீதா?" என்று கேட்பார். "மாதா புண்ணியத்துல நல்லா கீது" என்று அவர் சொல்வார். வெற்றிலையை வாங்கிக்கொண்டு தேர் வடத்தின் பக்கம் போய் நிற்பார்.

தெற்குக் குப்பம் போனது. இன்னும் ஐந்து பெயர்கள் போயின. எப்போதும் கடைசியாகக் கூப்பிடுவது வடக்குக் குப்பத்தை. அதையும் கூப்பிட்டார். அவர்களும் வந்து வெற்றிலை வாங்கிக்கொண்டு போனார்கள். வடம் பிடிக்கிறவர்கள் குனிந்துவிட்டார்கள். நைனா என் பக்கம் திரும்பவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். பேராசிரியையிடம் எப்படிச் சொல்லி அனுப்புவது, நூலகத்துப் புத்தகங்களை யாரிடம் கொடுத்து அனுப்புவது என்றுகூட நினைத்துவிட்டேன்.

தலைவர் மைக்கைக் கீழே வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாலஸ்தீனம்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. தன் இரண்டு நண்பர்களோடு சாப்பாட்டுப் பந்தலின் ஓரத்தில் நின்றிருந்தான். அம்மா போய் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "உன்னத்தான்பா கூப்புடறாங்க. போ." அவன் மணலில் நடந்து வந்தான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. தலைவர் அவன் தோளில் துண்டைப் போட்டார். எல்லோரிடமும் கேட்டதைப் போலவே அவனிடமும் கேட்டார்.

"ஊரு நல்லா கீதா?"

அவனுக்கு முன்னால் ஏழு பேர் சொன்ன பதில் அவன் காதிலும் விழுந்திருக்கும். அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவன் கண்ணாடியைக் கழற்றினான். மாதா கோயில் மணியைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். தலைவர் அவசரப்படுத்தவில்லை, மைக்கை அவன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஊரு கீது" என்றான்.

அந்த இரண்டு வார்த்தை ஒலிபெருக்கியில் கரை முழுக்கக் கேட்டது. தலைவர் வெற்றிலையை அவன் கையில் வைத்து மூடினார். பிறகு நைனாவைப் பார்த்து மைக்கிலேயே சொன்னார்.

"உம் பொண்ணு குடுத்த வெத்தல செல்லும்."

நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நைனா நிமிர்ந்து, தோளில் துண்டோடு நின்ற அந்தப் பையனைத் தன் பக்கத்தில் இழுத்து வடத்தைப் பிடிக்க வைத்தார். தேர் நகர்ந்தது. அடுத்த மாதம் டெல்லி அரசாங்கமும் அந்த இயக்கத்தை அங்கீகரித்தது. அரபு நாடுகளுக்கு வெளியே நம் நாடுதான் முதல் என்று பேப்பரில் பெருமையாகப் போட்டார்கள். எங்கள் குப்பத்தில் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அதெல்லாம் பிறகு நடந்தது. மறுநாள் திங்கட்கிழமை காலை நான் காலேஜுக்குப் போனேன். தலைப்பை மாற்றவில்லை.